பேராதனை முதிரைப் பாலம்

பேராதனை முதிரைப் பாலம் என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டில், கண்டி நகருக்கு அருகே பேராதனையில், மகாவலி கங்கையின் குறுக்கே 1833 முதல் 1905 வரை இருந்த மரப் பாலம் ஆகும். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இப்பாலத்தின் வழியாகவே ஆற்றைக் கடந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட ஊன்றாமல், 205 அடி இடைவெளியை ஒரே வளைவாகத் தாண்டி நின்ற பாலம் அது. வளைவு முழுவதும் முதிரை மரம். மரத்தை மரத்தோடு பிணைக்க ஆணியோ திருகாணியோ பயன்படுத்தப்படவில்லை. 1905ஆம் ஆண்டில் அது அகற்றப்பட்டது. இன்று பேராதனையில் ஆற்றைக் கடப்பவர்களில் பலருக்கு அங்கே அப்படி ஒரு பாலம் இருந்தது என்பதே தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் இப்பாலத்தை ஒரு பொறியியல் அதிசயமாகவே பார்த்தார்கள். அது அதிசயம்தான். ஆனால் அது எந்த ஆற்றின் மேல், எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வரலாறு முழுமையாக விளங்கும். ஒரு இராச்சியத்தைப் பல தலைமுறைகள் காத்த ஆற்றுக்கு மேலே போடப்பட்ட பாலம் அது.

ஆறே அரண்

அரண் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் நாட்டின் அரண்களாகச் சொல்கிறார். கண்டி இராச்சியத்துக்கு இந்த நான்கும் இயற்கையாகவே அமைந்திருந்தன. கடற்கரைச் சமவெளி முடிந்ததும் அடர்ந்த காடு. காட்டுக்கு மேலே செங்குத்தான மலை. மலைமேல் ஏறினால் மகாவலி. கம்பளைப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வரும் ஆறு, பேராதனையில் இன்றைய தாவரவியல் பூங்காவை ஒரு குதிரை லாடம்போல் வளைத்துச் செல்கிறது. பின்பு கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு வடக்கே சுற்றி, கிழக்குப் பக்கமாக இறங்குகிறது. அதாவது நகரின் மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று திசைகளிலும் ஆறு உண்டு. கொழும்பிலிருந்து வந்தாலும் சரி, திருகோணமலையிலிருந்து வந்தாலும் சரி, கண்டியை அடைய வேண்டுமானால் மகாவலியைக் கடந்தாக வேண்டும்.

கண்டி மன்னர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பாதைகளை அகலப்படுத்துவதையும் ஆறுகளுக்குப் பாலம் அமைப்பதையும் அவர்கள் விரும்பவில்லை. மலைநாட்டுப் பாதைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்கே இருந்தன. முக்கியமான கணவாய்களில் முள்வேலியால் ஆன காவல் வாயில்கள் வைக்கப்பட்டன. அவற்றுக்குக் கடவத்தை என்று பெயர்; இன்றும் கொழும்பு-கண்டி வீதியில் கடவத்தை என்ற ஊர் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. உப்பும் கருவாடும் உள்ளே வருவதும் பாக்கு வெளியே போவதும் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களின் முதுகில்தான். வண்டிச் சக்கரம் அந்த நாட்டுக்குள் நுழைய வழியே இல்லை. பாலம் கட்டத் தெரியாததால் கட்டாமல் விட்டார்கள் என்று எண்ணுவது தவறு. பதுளைப் பக்கத்தில் போகொடை என்னும் இடத்தில் ஓடையின் மேல் கூரையோடு கூடிய பழைய மரப் பாலம் இன்றும் இருக்கிறது. பேராதனையிலிருந்து அதிக தூரமில்லாத உடுநுவரையில் உள்ள எம்பெக்கே தேவாலயத்தில் 26 வரிச்சட்டங்களின் முனைகளை ஒரே மரமுளை பிடித்து நிறுத்துகிறது. மரத்தை மரத்தால் பிணைக்கும் கலை அந்த மண்ணில் இருந்தது. மகாவலியின் மேல் பாலம் வேண்டாம் என்பது அரசியல் முடிவு.

அந்த முடிவு வீண்போகவில்லை. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கண்டி நகருக்குள் புகுந்து தீவைத்துத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை, இரண்டாம் இராசசிங்கனின் படை மகாவலிக் கரையிலுள்ள கன்னொறுவையில் சூழ்ந்து அழித்தது. போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெலோவும் அங்கேயே மாண்டார். முதிரைப் பாலம் பின்னாளில் நின்ற இடத்துக்குக் கன்னொறுவை மிக அருகில் உள்ளது.

இதைவிட நேரடியாக ஆறு தன் வலிமையைக் காட்டியது 1803ஆம் ஆண்டில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படை கண்டியைக் கைப்பற்றியது. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் நகரைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக நாயக்கர் குலத்தைச் சேர்ந்த முத்துசாமி என்பவரை பிரித்தானியர் அரியணையில் அமர்த்தினர். மக்கள் அவரை ஏற்கவில்லை. காய்ச்சலாலும் பசியாலும் காவற்படை நலிந்தது. ஜூன் 24ஆம் நாள் கண்டிப் படை தாக்கியபோது, மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலைக்குத் திரும்பிச் செல்ல அனுமதி பெற்றுப் புறப்பட்டார். வட்டப்புளுவ என்னுமிடத்தில் மகாவலிக் கரையை அடைந்தபோது ஆற்றில் வெள்ளம். படகு இல்லை, பாலமும் இல்லை. தெப்பம் கட்டிப் பார்த்தும் அக்கரைக்குக் கயிறு கொண்டுபோக முடியவில்லை. அந்தக் கரையிலேயே முத்துசாமியை ஒப்படைக்க நேர்ந்தது; அவர் கொல்லப்பட்டார். அடுத்து ஆயுதங்களைக் கீழே வைத்த ஐரோப்பியச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். டேவி தம் வாழ்வின் எஞ்சிய காலத்தைக் கண்டியிலேயே கைதியாகக் கழித்தார்.

ஒரு படையை ஆறு தடுத்து நிறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கை வரலாற்றில் அரிது. பிரித்தானியர் அதை மறக்கவில்லை.

சாலை வருகிறது

1815ஆம் ஆண்டில் கண்டி வீழ்ந்தது போரால் அன்று. பிரதானிகள் மன்னனைக் கைவிட்டதால். அந்த ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். 1817-18இல் ஊவாவில் தொடங்கிப் பரவிய கிளர்ச்சியை அடக்க பிரித்தானியர் பட்ட பாடு, இந்த நாட்டை உடன்படிக்கையால் மட்டும் பிடித்து வைத்திருக்க முடியாது என்று அவர்களுக்கு உணர்த்தியது. ஒவ்வொரு மூட்டை அரிசியையும் கூலியாட்கள் தலையில் சுமந்து மலையேற்ற வேண்டியிருந்தது.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இதற்குக் கண்ட மருந்து சாலை. 1820 முதல் கொழும்பு-கண்டி வீதி வேலை தொடங்கியது. ஏறத்தாழ 72 மைல் நீளமான இந்த வீதியை வகுத்த பொறியாளர் கப்டன் டோசன். கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைத் துளைத்து வழி அமைக்கப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனிடம் நாடு போய்விடும் என்று கண்டி மக்களிடையே ஒரு பழங்கதை இருந்ததாகவும், பார்ன்ஸ் வேண்டுமென்றே அதை நிறைவேற்றிக் காட்டியதாகவும் சொல்வார்கள். டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது.

கோபுரம் டோசனுக்கு. பாறையை உடைத்தவர்களுக்கு எதுவும் இல்லை. வீதியின் பெரும்பகுதி இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தால் போடப்பட்டது. நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக மன்னனுக்குச் செய்து வந்த பழைய கடமையை, பிரித்தானியர் தங்கள் வீதிக்கு மாற்றிக்கொண்டனர். தோமஸ் ஸ்கின்னர் என்பவர் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோதே இந்த வீதியின் ஒரு பகுதியைப் போடும் பொறுப்பும் 200 கண்டி மக்களும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பின்னாளில் இலங்கையின் வீதிகளை வகுத்தவர் என்று பேர் பெற்ற அவரே தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

வீதியின் இரு முனைகளிலும் ஆறு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்புப் பக்கம் களனி கங்கை. கண்டிப் பக்கம் மகாவலி. களனியில் சமவெளி ஓட்டம். அங்கே 1822இல் தோணிகளை வரிசையாகக் கட்டி அவற்றின்மேல் பலகை பரப்பித் தோணிப் பாலம் அமைத்தார்கள். அது 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை இருந்தது. மகாவலியில் அந்த வித்தை பலிக்காது. மலையில் பெய்யும் மழை சில மணி நேரத்திலேயே ஆற்றை உயர்த்திவிடும். அடித்து வரும் மரங்கள் தோணியையும் தூணையும் பெயர்த்துவிடும். ஆகவே வீதி முடிந்த பிறகும் பேராதனையில் பயணிகள் படகுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1832

இப்பாலத்தின் வேலை 1832ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கி, 1833 ஜனவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பேரளவான வளைவு ஒன்றை ஆறே மாதத்தில் எழுப்பியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் லெப்டினன்ட் கேணல் பிரேசர். இலங்கை முழுவதையும் அளந்து விரிவான நிலப்படம் ஒன்றை உருவாக்கியவரும் இவரே. அப்போதைய தேசாதிபதி வில்மொட் ஹோர்ட்டன்.

அந்த ஆண்டு இலங்கை வரலாற்றில் பல கணக்குகள் முடிந்து பல கணக்குகள் தொடங்கிய ஆண்டு. ஜனவரி 30ஆம் நாள் வேலூரில், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் இறந்தான். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தில் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, பதினேழு ஆண்டுகள் ஆண்டு, பதினாறு ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவன். அவனது சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் உள்ளது. அதே ஆண்டில் கொழும்பு-கண்டி தபால் வண்டிச் சேவை தொடங்கியது. அதே ஆண்டில்தான் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மன்னன் இறந்து ஆறு மாதத்தில், அவனுடைய முன்னோர் பாலமில்லாமல் வைத்திருந்த ஆற்றின் மேல் பாலத்துக்கான வேலை தொடங்கியது. இவற்றுக்குள் திட்டமிட்ட தொடர்பு எதுவும் இல்லை. எனினும் காலவரிசையில் வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு இந்த ஒரே ஆண்டு பத்துப் பக்கப் பாடத்தைச் சொல்லிவிடும்.

வளைவின் அமைப்பு

பாலத்தைப் பற்றிய விரிவான அளவுகள், 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் கிடைக்கின்றன. வளைவின் அகலம் 205 அடி, அதாவது சுமார் 62 மீட்டர். நீர் குறைந்த காலத்தில் ஆற்று மட்டத்திலிருந்து பாலத்தின் உயரம் 67 அடி. கரையில் வளைவைத் தாங்கிய அணைசுவர்கள் 11 அடி கனம். வளைவு நான்கு வரிசைகளால் ஆனது: வெளிப்பக்கம் இரண்டு, நடுவில் இரண்டு, ஒன்றுக்கொன்று 5 அடி இடைவெளி. ஒவ்வொரு வரிசையும் மூன்று மடியாக அடுக்கிய உத்தரங்கள். ஒவ்வோர் உத்தரமும் 16 அடி நீளம், 12 அங்குலக் கனம். உத்தரங்களின் முனைகள் சந்திக்கும் இடங்களில் குறுக்குக் கட்டைகள் செருகப்பட்டிருந்தன.

இந்த எண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வரிசைகள், ஒவ்வொன்றும் 1 அடி. நடுவே மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றும் 5 அடி. மொத்தம் 19 அடி. இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும் அகலம். அடுத்து, 205ஐ 16ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 13. வளைவின் நீளம் நேர்கோட்டைவிடக் கூடுதல் என்பதால் ஒரு வரிசைக்கு ஒரு மடியில் 13 அல்லது 14 உத்தரங்கள் தேவை. மூன்று மடி, நான்கு வரிசை என்றால் பன்னிரண்டு தொடர்கள். ஆக வளைவுக்கு மட்டுமே ஏறக்குறைய 160 உத்தரங்கள். அவற்றில் ஒன்றுகூட 16 அடிக்கு மேல் நீளமில்லை. 205 அடியைத் தாண்ட 205 அடி மரம் தேவையில்லை. இரண்டு ஆட்களும் ஒரு யானையும் இழுத்து வரக்கூடிய துண்டுகள் போதும் என்பதே இந்த வடிவமைப்பின் சூட்சுமம்.

ஆணி இல்லாமல் எப்படி நின்றது? ஒரு மேசையில் பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு முனைகளிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தூக்கினால் நடுவிலுள்ள புத்தகங்கள் விழாமல் மேலே வரும். எதுவும் எதோடும் ஒட்டப்படவில்லை, அழுத்தம்தான் பிடித்திருக்கிறது. வளைவிலும் அதுவே நடக்கிறது. மேலே ஏறும் பாரம் உத்தரங்களை ஒன்றோடொன்று நெருக்கி, கடைசியில் இரு கரைகளின் அணைசுவர்களைத் தள்ளுகிறது. உத்தரங்கள் விலகப் பார்ப்பதில்லை, நெருங்கவே பார்க்கின்றன. பக்கவாட்டில் நழுவாமல் இருக்கக் குறுக்குக் கட்டைகளும் செருகு பொருத்துகளும் போதும். கரை உறுதியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 11 அடி அணைசுவர் அதற்காகத்தான்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பொருத்திய மரம் கழற்றக்கூடியது. ஏதாவது ஒரு துண்டு உளுத்துப்போனால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். ஈரமான மலைநாட்டில் இரும்பாணி துருப்பிடித்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அதைத் தவிர்த்ததும் நல்லதே.

பாலம் முழுவதிலும் ஒரு ஆணிகூட இல்லை என்று சிலர் எழுதுவார்கள். அந்தக் கூற்றை வளைவைப் பற்றியதாகக் கொள்வதே பொருத்தம். மேலே பரப்பிய பலகைத் தளத்துக்கும் கைப்பிடிக்கும் அதை நீட்டத் தேவையில்லை. வளைவு ஆணியின்றி நின்றது என்பதே போதுமான வியப்பு. அந்த வளைவை எழுப்பிய தச்சர்களைப் பற்றியும் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கலாம். பயணநூல்கள் பிரேசரின் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன.

முதிரை

ஈழத்தில் முதிரை என்றும், தமிழகத்தில் பொரசு என்றும், சிங்களத்தில் புருத்த என்றும் அழைக்கப்படும் இந்த மரத்தின் அறிவியற்பெயர் குளோரோசைலான் சுவீட்டெனியா. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. இழைத்தால் பொன் நிறத்தில் பட்டுத்துணிபோல் பளபளக்கும். ஐரோப்பியர் இதற்குச் சாட்டின் மரம் என்று பெயரிட்டது அதனால்தான். கதவு, நிலை, கட்டில், பெட்டகம் என்று வன்னி வீடுகளிலும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளிலும் முதிரைக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. கறையான் எளிதில் தொடாது. மிகக் கடினமானது, துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

முதிரை வறண்ட வலயத்து மரம். வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற பகுதிகளின் காடுகளே அதன் வீடு. பேராதனையின் ஈர மலைச்சரிவுகளில் அது காடாக வளர்வதில்லை. எனவே நூற்றுக்கு மேற்பட்ட உத்தரங்களுக்கான மரம் மலைநாட்டுக்கு வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும். அக்காலத்தில் வறண்ட வலயத்துக் காடுகளில் முதிரையும் பாலையும் ஏராளம். கண்டிக்குப் போகும் வீதிக்கு வன்னிக் காட்டு மரத்தில் பாலம் என்பதை அன்று யாரும் ஆடம்பரமாகக் கருதவில்லை. இன்று முதிரை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதை வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதி வேண்டும். அதே பாலத்தை அதே மரத்தில் திரும்பக் கட்ட நினைத்தாலும் அவ்வளவு முதிரைக்கு எங்கே போவது?

பாலத்தைக் கடந்தவர்கள்

பாலம் திறந்ததும் முதலில் பயனடைந்தது தபால் வண்டியும் படையும். ஆனால் பாலத்தின் உண்மையான சுமை பிறகு வந்தது. 1820களிலேயே பார்ன்ஸ் கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டிருந்தார். 1830களின் பிற்பகுதியில் கோப்பிப் பயிர் மலைநாடெங்கும் பரவியது. கம்பளை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. அரிசியும் கருவாடும் அதே வண்டிகளில் மேலே ஏறின. பொதிமாட்டுத் தவளங்களின் காலம் முடிந்தது. 1867இல் கண்டிக்கு இரயில் வந்து, ஆற்றின்மேல் அதற்கென்று தனிப் பாலம் அமையும்வரை, கண்டிக்கும் கொழும்புக்கும் இடையிலான சரக்கு இந்த 19 அடி அகலத்தின் வழியாகவே போனது.

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழர்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலைநாட்டை அடைந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அந்தப் பாதையோரத்தில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மாத்தளையைத் தாண்டி வந்தவர்கள் கட்டுகஸ்தோட்டைத் துறையில் ஒருமுறை மகாவலியைக் கடந்து கண்டிக்குள் வந்தார்கள். கம்பளை, புசல்லாவை, அதற்கும் அப்பால் திம்புள்ளைப் பக்கம் போக வேண்டியவர்களுக்கு ஆறு மறுபடியும் குறுக்கே வந்தது. கம்பளை வீதி ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து பிரிவதால், பேராதனைப் பாலமே அவர்களுக்கு வழி. வன்னிக் காட்டின் முதிரை மரங்களுக்கு இடையே நாட்கணக்கில் நடந்து வந்தவர்கள், அதே மரத்தின்மேல் கால்வைத்து மலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தார்கள். பயணநூல்கள் எழுதிய துரைமார் பாலத்தின் அழகை வியந்தபோது, அதன்மேல் நடந்து சென்ற இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத இடம் கண்டதில்லை.

ஐரோப்பியப் பயணிகளுக்குப் பேராதனை ஒரு காட்சித்தலம். 1821இல் தொடங்கிய அரச தாவரவியல் பூங்காவும் அதன் மூங்கில் புதர்களும் பாலமும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தன. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகும் பாலம் தன் இடத்தில் நின்றது.

அகற்றம்

1905ஆம் ஆண்டில் முதிரைப் பாலம் அகற்றப்பட்டு, அதன் இடத்தில் இரும்புப் பாலம் அமைந்தது. அது வெள்ளத்தில் போகவில்லை, தீயில் எரியவில்லை, பகைவர் வெட்டி வீழ்த்தவும் இல்லை. 72 ஆண்டுகள் நின்ற பின் பணியிலிருந்து ஓய்வுகொடுக்கப்பட்டது என்று சொல்லலாம். கொழும்பில் தோணிப் பாலம் போய்ப் பத்து ஆண்டுகளில் இதுவும் போனது. பார்ன்சின் வீதியின் இரு முனைகளிலும் இருந்த மரப் பாலங்கள் இரண்டும் அப்படி மறைந்தன. 1842இல் பிறந்து பேராதனையில் வளர்ந்த ஒருவர், பாலம் தனக்கு மூத்தது என்று நினைத்தபடியே முதுமை எய்தி, அது கழற்றப்படுவதையும் பார்த்திருக்க முடியும்.

துண்டு துண்டாகப் பொருத்தியதைத் துண்டு துண்டாகவே கழற்றினார்கள். முதிரை அப்போதும் விலையுள்ள மரம்தான். ஆனால் எங்காவது ஒரு வளைவுத் துண்டையாவது நின்றபடி நிறுத்தி வைத்திருக்கலாம் என்று இன்று தோன்றுவது அன்று தோன்றவில்லை. பழைய வீதிகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கால நிர்வாகத்துக்குக் கிடையாது. எம்பெக்கேயின் மரத்தூண்கள் கோயிலில் இருந்ததால் தப்பின. வீதியில் இருந்த மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மிஞ்சியிருப்பவை படங்கள். கொழும்பில் நிலையம் வைத்திருந்த ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய ஒளிப்படக்காரர்களின் காலத்தில் பேராதனைப் பாலம் பலமுறை படமாக்கப்பட்டது. நூற்றாண்டு இறுதியில் அது அஞ்சலட்டைகளிலும் வந்தது. பெரும்பாலான படங்கள் ஆற்றோரத்தில், நீர்மட்டத்துக்கு அருகில் நின்று எடுக்கப்பட்டவை. மேலே போகும் வண்டிகளைவிட, அடியிலிருந்து பார்க்கும்போது தெரியும் வளைவே படமெடுத்தவர்களை ஈர்த்திருக்கிறது. இக்கரையிலிருந்து அக்கரைவரை கறுத்த கோடாக வளைந்து செல்லும் உத்தரங்கள், அவற்றின்மேல் நிமிர்ந்து நின்று தளத்தைத் தாங்கும் கட்டைகள், கீழே தூண் எதுவும் இல்லாமல் ஓடும் மகாவலி ஆகியவற்றை அவற்றில் இன்றும் காணலாம்.